கதையும் இருக்கு கவிதையும் இருக்கு, எங்க தேடுறது, எங்க அனுப்புறது

பொம்பிளையைக் காதலிக்கிற பொம்பிளையளைப் பற்றின சிறுகதை, கவிதை எல்லாம் தமிழில எங்க கிடக்கு எண்டு ஆரும் கேட்டா "அப்பிடி ஒண்டும் இல்லையே" எண்டுதான் முதல் பதில் வரும், சொல்லுற ஆள் தேடிப் பாத்திட்டோ சொல்லுறார் எண்டது வேற கதை. இருக்கு. கொஞ்சமா இருக்கு, சிதறிக் கிடக்கு, பேர் போடாமக் கிடக்கு, சிலது பிழையான அலுமாரிக்குள்ள கிடக்கு. எழுதுற ஆக்களும் இருக்கினம், இஞ்ச திருகோணமலையில, எங்கட திருமலையிலயே இருக்கினம், போன்ல நோட்ஸுக்குள்ள எழுதி எழுதி வைச்சிட்டு போன் மாத்தேக்க எல்லாத்தையும் அழிச்சிடுற ஆக்கள். அவைக்காகத்தான் இந்த போஸ்ட். வாசிக்க மட்டும் ஆசை எண்டாலும் முதல் பாதி உதவும்.

நான் ஒரு இதழோ வெப்சைட்டோ நல்லதோ கூடாதோ எண்டு பாக்கிற முறை கொஞ்சம் வித்தியாசம். தரம், காசு, பேர் எல்லாம் பிறகு. முதல்ல புனைபெயரில போட விடுவினமோ, என்ர உண்மையான பேர் அங்க எத்தனை பேருக்குத் தெரிய வரும், நாளைக்கு ஒரு பிரச்சினை வந்து எடுத்துவிடுங்கோ எண்டா எடுப்பினமோ, இதுகளைத்தான் பாப்பன். ரொரன்ரோவில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு இது பயந்தாங்கொள்ளித்தனமாப் படலாம். படட்டும். உவர்மலையில ஒரு வீட்டில நடக்கிற விசயம் பின்னேரத்துக்கு முதல் லிங்கநகர் கடையடிக்கு வந்து சேர்ற ஊர் இது.

சட்டம் என்ன எண்டும் தெரிஞ்சிருக்கத்தான் வேணும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில ஒருபால் உறவைக் குற்றமாக்கிற 365, 365அ எண்ட பிரிவுகள் 1883ல வெள்ளைக்காரன் வைச்சிட்டுப் போன சட்டத்தில இருந்து வருது. முதல்ல 365அ ஆம்பிளையளுக்கு மட்டும்தான், 1995ல திருத்தேக்க "ஆண்" எண்டு இருந்ததை "ஆள்" எண்டு மாத்தி எங்களையும் உள்ளுக்கு இழுத்துப்போட்டினம், சமத்துவம் வேற எதில வந்துதோ இல்லையோ இதில வந்திட்டுது. 2022ல ஐநாவின்ர பெண்கள் உரிமைக் குழு, ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பைத் தொடங்கின ரோசானா ஃபிளேமர் கல்டேரா குடுத்த முறைப்பாட்டில, இது பிழை எண்டு சொல்லியிருக்கு. 2023ல அந்தப் பிரிவுகளை மாத்துற தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்லை எண்டு உயர் நீதிமன்றமும் சொல்லிட்டுது. ஆனா மசோதா சட்டமாகேல்லை.

அந்தப் பிரிவு செய்யிற காரியத்தைப் பற்றினது, கதை எழுதுறதைப் பற்றினது இல்லை எண்டு நிம்மதியா இருக்கலாம்தான், ஆனா எழுதினதுக்காக உள்ளுக்குப் போன ஆக்கள் இந்த நாட்டில வேற சட்டங்களால போனவை. சக்திக சத்குமார எண்ட சிங்கள எழுத்தாளர் பேஸ்புக்கில போட்ட ஒரு சிறுகதைக்காக, அதில புத்த பிக்குமாரும் ஒருபால் உறவும் வருது எண்டு, 2019 ஏப்ரல்ல பிடிபட்டு ஓகஸ்ட் மட்டும் ரிமாண்ட்ல இருந்தவர். மன்னார்ப் பக்கத்துக் கவிஞர் அஹ்னப் ஜஸீம் தமிழில எழுதின கவிதைப் புத்தகத்துக்காக 2020 மே மாசம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில உள்ளுக்குப் போய், 2021 டிசம்பர்லதான் பிணையில வந்தவர், 2023ல குற்றமில்லை எண்டு விடுதலையாகினார். ரெண்டு பேரும் எங்கட விசயத்துக்காக எழுதின ஆக்கள் இல்லை. எண்டாலும் ஆர் வாசிக்கினம், என்னவா விளங்கிக்கொள்ளுவினம் எண்டது எங்கட கையில இல்லை எண்டதுக்கு இந்த ரெண்டும் போதும். 2024ல இருந்து ஒன்லைன்ல போடுறதைக் கட்டுப்படுத்துற நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கு. அதனால எழுதாதேங்கோ எண்டு சொல்ல வரேல்லை, பேஸ்புக்கில சொந்தப் பேரில போடுறதுதான் வெளியிடுறது எண்டு நினைக்காதேங்கோ எண்டுதான் சொல்லுறன்.

பேர் மாத்தி எழுதுறது திருமலைக்குப் புதுசும் இல்லை. பிரமிள் எங்கட ஊர்ப் பெடியன், 1939ல இஞ்ச பிறந்தவர், இருபது இருபத்தொரு வயசில திருமலையில இருந்துகொண்டு தபாலில கவிதை, கட்டுரை எல்லாம் சென்னைக்கு "எழுத்து" பத்திரிகைக்கு அனுப்பினவர். அங்க வாசிச்ச ஆக்களுக்கு ஆளின்ர முகம் தெரியாது, எழுத்துத்தான் தெரியும். தருமு சிவராம், பிரமிள், இன்னும் என்னென்னவோ எண்டு பேரை மாத்திக்கொண்டே இருந்தார், அவருக்கு அதுக்கு வேற காரணங்கள். ஆனா இஞ்ச கடற்கரையில இருந்து வேற பேரில ஒரு கவிதையை வெளியூருக்கு அனுப்பி, அது தமிழில நிலைச்சு நிண்டது எண்டு ஒரு கணக்கு ஊரில ஏற்கெனவே இருக்கு. அந்தக் காலத்தில முத்திரைக் காசு, இப்ப டேட்டாக் காசு.

சரி, தேடுறதுக்கு வருவம்.

கூகிள்ல "லெஸ்பியன் கதை" எண்டு தமிழில அடிச்சா என்ன வரும் எண்டு தெரியும்தானே. முழுக்கக் காமக்கதை, அதுவும் ஆம்பிளையள் ஆம்பிளையளுக்கு எழுதினது. அதில ரெண்டு வாசிச்சிட்டு "இதுதான் எங்களைப் பற்றி எழுதுறதோ" எண்டு வெறுத்துப்போய் விட்ட பிள்ளையள் இருக்கினம். சமபாலீர்ப்பு, தற்பாலீர்ப்பு, ஒருபால், பால்புதுமையினர், குயர், அகனள் எண்டு ஒவ்வொண்டாப் போட்டுப் பாருங்கோ, ஏனெண்டா ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு சொல் பாவிக்கினம், சண்டையும் பிடிக்கினம். 2022ல தமிழ்நாட்டு அரசு இதுக்கெண்டே ஒரு சொற்பட்டியல் அரசிதழில போட்டது, மதுரையில இருந்து சென்னைக்கு ஓடி வந்த ரெண்டு பிள்ளையள் போட்ட கேஸில சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதால வந்தது அது. அதுக்குப் பிறகு வந்த எழுத்துகளில தேடல் கொஞ்சம் லேசு. பழசில தேடேக்க "சிநேகிதி", "தோழி" எண்டு போட்டு வாசிச்சுத்தான் கண்டுபிடிக்க வேணும். தேடுற சொல்லுக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டுக் கழித்தல் குறி போட்டு, அந்தக் குறியோட ஒட்டி "காம" எண்டு அடிச்சா குப்பையில கொஞ்சம் கழியும், "காமக்கதை" எண்டும் இன்னொருக்கா அப்பிடிச் சேருங்கோ. குறிப்பிட்ட ஒரு வெப்சைட்டுக்குள்ள மட்டும் தேடச் சொல்லுறது அதைவிடத் திறம்.

இலங்கைத் தமிழ் எழுத்துக்கு நூலகம் வெப்சைட்தான் முதல் வாசல். 2005ல இருந்து ஸ்கேன் பண்ணிப் பண்ணிப் போடுகினம், சும்மா தரவிறக்கலாம், பதியவும் தேவையில்லை, ஆர் எதை வாசிச்சது எண்டு வீட்டில ஆருக்கும் தெரியப் போறதும் இல்லை. ஒரு கரைச்சல் என்னெண்டா கன புத்தகம் படமா இருக்கிறதால உள்ளுக்குள்ள இருக்கிற சொல் கூகிளுக்குத் தெரியாது, தலைப்பும் எழுதின ஆளின்ர பேரும்தான் தெரியும். ஆகவே பெண்கள் இதழ்களை எடுத்துப் பொருளடக்கம் பாத்து வாசிக்க வேணும். 1986ல யாழ்ப்பாணத்தில பெண்கள் ஆய்வு வட்டம் போட்ட "சொல்லாத சேதிகள்" தொகுப்பில இருந்து தொடங்கலாம், பிறகு கொழும்பில பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனம் போட்ட "நிவேதினி", மட்டக்களப்பில சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின்ர "பெண்" இதழ். இதில லெஸ்பியன் கவிதை எண்டு பேர் போட்டு ஒண்டும் இல்லை. சிவரமணியின்ர கவிதைகளையும் செல்வியின்ர கவிதைகளையும் அப்பிடி வாசிக்கலாம் எண்டு ஒரு கூட்டாளி என்னோட வாக்குவாதப்படுறவள், எனக்கு அது பிடிக்கேல்லை, செத்துப்போன ஆக்களின்ர வாய்க்குள்ள எங்கட சொல்லைத் திணிக்கிறதுக்கு எங்களுக்கு என்ன உரிமை. ஆனா வீடு, உடம்பு, பயம் எண்டு ஈழத்துப் பொம்பிளையள் தமிழில எப்பிடிக் கவிதை கட்டினவை எண்டு பழக அதைவிடப் பள்ளிக்கூடம் இல்லை. எங்கட ஊர்க் கவிதை இதழ் "நீங்களும் எழுதலாம்" பழைய இதழ்களும் நூலகத்தில கிடக்கு, தட்டிப் பாருங்கோ.

நேரடியா எங்கட விசயம் வேணும் எண்டா ஓரினம் எண்ட வெப்சைட். சென்னையில இருந்து நடக்கிறது, தமிழும் இங்கிலீஷும் ரெண்டும் இருக்கு, கதை கவிதைக்கு எண்டு தனிப் பகுதி இருக்கு, புனைபெயரில வந்தது கனக்க. என்ர கேள்விகளுக்கு ஒழுங்காப் பதில் வாற இடம் எண்டு முதல்ல சொல்லுறது இதைத்தான். அங்க ஆம்பிளையளின்ர எழுத்துக் கூட, பொம்பிளையளின்ரது குறைவு, அது அவையின்ர பிழை இல்லை, நாங்கள் அனுப்பினாத்தானே. குயர் சென்னை க்ரோனிக்கிள்ஸ் எண்டு இன்னொரு கூட்டம், 2018ல இருந்து சென்னையில குயர் இலக்கிய விழா நடத்தினவை, புத்தகமும் போடுகினம், தமிழில எழுதுறவையைத் தேடித் தேடிக் கதைக்கிற ஆக்கள். விழாவில நடந்த உரையாடல்களின்ர வீடியோ இருந்தா ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கோ, எழுத்தைப் பற்றி அதில கனக்க இருக்கு. ஊடறு சுவிஸ் பக்கம் இருந்து ஈழத்துப் பொம்பிளையள் 2005ல இருந்து நடத்துற தளம், பெண்ணிய எழுத்து எதுவும் ஈமெயிலில அனுப்பலாம், எங்கட பேச்சு வழக்கை "திருத்தாத" இடம் எண்டது எனக்குப் பெரிய விசயம். லீனா மணிமேகலையின்ர "அந்தரக்கன்னி" கவிதைகளைப் பற்றிக் கன பேர் சண்டை பிடிச்சாச்சு, சத்தம் கூட எண்டு எனக்கும் சில கவிதைகளில தோணும், ஆனா தமிழில ஒருத்தி சொந்தப் பேரோட இன்னொருத்திக்குக் காதல் கவிதை எழுதிப் புத்தகமாப் போட்டிருக்கிறாள் எண்டது அலுமாரியில இருக்க வேண்டிய விசயம்.

இங்கிலீஷ் ஓரளவு வாசிப்பம் எண்டுறவைக்கு அள்ளு கொள்ளையா இருக்கு, அதுதான் பிரச்சினை, எதில தொடங்குறது எண்டு தெரியாது. நான் சொல்லுறது சுனிதி நம்ஜோஷி. மும்பாயில பிறந்தவ, 1981ல "ஃபெமினிஸ்ட் ஃபேபிள்ஸ்" எண்டு ஒரு புத்தகம், பஞ்சதந்திரக் கதை மாதிரி ஒரு பக்கம் அரைப் பக்கக் கதைகள், லேசான இங்கிலீஷ், உள்ளுக்கு ஊசி. ஓஎல் இங்கிலீஷ் காணும். அதுக்குப் பிறகு 1999ல அஸ்வினி சுக்தாங்கர் தொகுத்த "ஃபேசிங் த மிரர்", இந்தியாவில லெஸ்பியன் எழுத்து எண்டு பேரே போட்டு வந்தது, கதை கவிதை கடிதம் எல்லாம் கலந்து, கன பேர் புனைபெயரிலதான் எழுதியிருக்கினம். ஒருபால் உறவைக் குற்றமாக்கின 377 ஆம் பிரிவு, வயசுக்கு வந்த ஆக்களின்ர சம்மத உறவுக்குச் செல்லாது எண்டு இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டெம்பர்ல, அதுக்குப் பத்தொன்பது வருசத்துக்கு முதல் இந்தப் புத்தகம் வந்திட்டுது. ஆக சட்டம் மாறும் மட்டும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை எண்டுதானே அர்த்தம். 2020ல வந்த "த வேர்ல்ட் தட் பிலோங்ஸ் டு அஸ்" தென்னாசியக் குயர் கவிதைத் தொகுப்பு, கவிதை எழுதுறவை அதை ஒருக்காப் புரட்ட வேணும்.

எல்லாரும் சொல்லுற இஸ்மத் சுக்தாயின்ர "லிஹாஃப்" இருக்கே, 1942ல உருதுவில வந்து லாகூரில ஆபாச வழக்குப் போட்டு அவ வெண்ட கதை, கதையா அது பெரிய கதை, ஒரு சந்தேகமும் இல்லை, ஆனா பதினெட்டு வயசுப் பிள்ளை ஒண்டுக்கு முதல் கதையா நான் அதைக் குடுக்க மாட்டன். போர்வைக்குள்ள என்னவோ யானை மாதிரி அசையுது எண்டு ஒரு சின்னப் பிள்ளை பயந்து பாக்கிற கதை அது. எங்களை நாங்களே முதல் முதல் அப்பிடியோ பாக்க வேணும்?

எங்கட ஆக்களிலயும் இருக்கினம். எஸ்.ஜே. சிந்து இலங்கையில பிறந்த தமிழ் எழுத்தாளர், 2017ல "மேரேஜ் ஒஃப் எ தௌசண்ட் லைஸ்" எண்ட நாவல், பொஸ்டன்ல இருக்கிற லக்கி எண்ட இலங்கைத் தமிழ்ப் பிள்ளை வீட்டுக்காக ஒரு கே பெடியனைக் கலியாணம் முடிச்சு வைச்சிருக்கிறாள், அவளின்ர பழைய சிநேகிதிக்குக் கலியாணம் பேசுகினம். அம்மம்மா, புட்டு, பரதநாட்டியம், ஊர்க்கதை எல்லாம் எங்கட வீடுதான், பனி மட்டும்தான் வித்தியாசம். சிறுகதை இல்லை, எண்டாலும் இதைச் சொல்லாம விட ஏலாது. லியா லக்‌ஷ்மி பியெப்ஸ்னா சமரசிங்க எண்டு இலங்கை வேர் உள்ள கவி, "லவ் கேக்" எண்ட தொகுப்புக்கு 2012ல லெஸ்பியன் கவிதைக்கான லாம்ப்டா விருது கிடைச்சது. தலைப்பைப் பாருங்கோ, எங்கட கிறிஸ்மஸ் லவ் கேக்தான்.

அந்த லாம்ப்டா விருது 1989ல இருந்து குடுக்கினம், லெஸ்பியன் புனைகதை, லெஸ்பியன் கவிதை எண்டு தனித்தனிப் பிரிவு. விருதில எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனா வருசா வருசம் இறுதிப் பட்டியலுக்கு வந்த பேர்களை எடுத்து, அந்த ஆளின்ர கவிதை ஒன்லைன்ல எந்த இதழில இருக்கு எண்டு தேடினா காசில்லாம ஒரு வருசத்துக்கு வாசிக்கலாம். புத்தகம் வாங்கிறது வீண், டொலர் விலைக்கு இஞ்ச ஆர் வாங்கிறது.

இங்கிலீஷ்ல எனக்குப் பிடிச்ச ஒரே ஒரு இதழ் எது எண்டா "சினிஸ்டர் விஸ்டம்". 1976ல அமெரிக்காவில நோர்த் கரோலினாவில ரெண்டு பொம்பிளையள் தொடங்கினது, இண்டைக்கு மட்டும் வந்துகொண்டிருக்கு. இலக்கிய இதழ் எண்டா ரெண்டு வருசத்தில படுக்கும் எண்டது எங்களுக்குத் தெரிஞ்ச உலக வழமை, இது அம்பது வருசக் கதை. பழைய இதழ்களை அவையின்ர தளத்திலேயே பிடிஎஃப்பா சும்மா போட்டு வைச்சிருக்கினம். எண்பதுகளில வந்த இதழ்களில டைப்ரைட்டர் எழுத்தும் கையால கீறின படமும் பாக்கேக்க, கொஞ்சப் பேர் ஒரு வீட்டில இருந்து ஒட்டி வெட்டிச் செய்திருக்கினம் எண்டு கண்ணுக்குத் தெரியும். இப்ப ஆசிரியரா இருக்கிற ஜூலி என்ஸர் லெஸ்பியன் பொயற்றி ஆர்க்கைவ் எண்டும் ஒரு தளம் செய்து வைச்சிருக்கிறா, எழுபதுகளில வந்த சின்னச் சின்னக் கவிதைப் புத்தகங்களை அங்க பாக்கலாம். அந்த இதழ் இப்பவும் ஒவ்வொரு தலைப்பு அறிவிச்சு எழுத்துக் கேக்கும், வெளிநாட்டில இருந்து அனுப்பலாம்.

பிறகு ஏஓ திரீ எண்டு சொல்லுற ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன். விசிறிக் கதை, அதாவது ஏற்கெனவே வந்த படம், நாவலில இருக்கிற பாத்திரங்களை வைச்சு ரசிகர் எழுதுற கதை போடுற இடம்தான், இலக்கியக்காரர் மூக்கைச் சுளிப்பினம், சுளிக்கட்டும், 2019ல ஹியூகோ விருதும் வாங்கின தளம் அது. பெண்ணும் பெண்ணும் எண்டு ஒரு வகை இருக்கு, அதைத் தெரிவு செய்து மொழியும் தெரிவு செய்யலாம், முடிவு நல்லாயிருக்கோ சோகமோ எண்டும் குறிச்சொல்லில பாக்கலாம், கதையை அப்பிடியே தரவிறக்கி டேட்டா இல்லாத நேரம் வாசிக்கலாம். சொந்தமாக் கற்பனை செய்த கதையும் போட விடுவினம். எனக்கு அங்க பிடிச்சது வேற ஒண்டு: நீங்கள் போட்ட கதையை அநாதையாக்கி விடலாம், அதாவது கதை இருக்கும், உங்கட பேர் அதில இருந்து கழண்டு போயிடும், வாசிக்கிற ஆக்களுக்கு இடைஞ்சல் இல்லை, உங்களுக்கும் கரைச்சல் இல்லை. அழிக்கவும் விடுவினம். விளம்பரம் இல்லை. கணக்கு எடுக்கிறதுக்கு மட்டும் ஈமெயில் குடுத்திட்டு வரிசையில நிக்க வேணும்.

வட்பேட், பிரதிலிபி எண்ட கதைத் தளங்கள் ரெண்டிலயும் தமிழ் எழுத்துக் குவிஞ்சு கிடக்கு, புனைபெயர் பிரச்சினை இல்லை. ஆனா அங்க ஓடுறது குடும்பத் தொடர்கதை, அத்தியாயத்துக்கு அத்தியாயம் திருப்பம் வேணும். கவிதை அங்க எடுபடுறது குறைவு எண்டு நினைக்கிறன். போன் நம்பரோ பேஸ்புக் கணக்கோ குடுத்து உள்ளிடாதேங்கோ, புதுசா ஒரு ஈமெயில் எடுத்து அதால போங்கோ, இல்லாட்டி உங்கட தொடர்பில இருக்கிற மச்சாளுக்கு "இவரைத் தெரியுமோ" எண்டு உங்கட புனைபெயரைக் காட்டிக் குடுக்கும்.

இனி வெளியிடுறது.

இஞ்சத்தைய இதழ்களுக்கு அனுப்பலாமோ எண்டா அனுப்பலாம், நான் அனுப்பினான். பேர் சொல்லேல்லை, ஒரு இதழின்ர ஆசிரியர் போன் எடுத்தார், நல்ல மனிசன்தான், "கதை நல்லா வந்திருக்கு பிள்ளை, நடை இருக்கு, ஆனா முடிவில அந்தப் பிள்ளை கடலில பாயுற மாதிரி வைச்சா வாசகரின்ர மனசில நிக்கும்" எண்டார். என்ர கதையில அவை ரெண்டு பேரும் கடைசியில அலஸ்தோட்டத்தில ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கினம், தண்ணி மோட்டர் வேலை செய்யேல்லை, அதைப் பற்றிச் சண்டை பிடிக்கினம், அவ்வளவுதான் முடிவு. கடலுக்குப் பக்கத்தில இருக்கிறம் எண்டதுக்காக எல்லாரும் பாயத்தான் வேணுமோ? பிறகு ஒரு பாஸ்போட் சைஸ் படமும் சொந்தப் பேரும் அனுப்பச் சொன்னார், அது வழமையாம். நான் கதையைத் திருப்பி எடுத்திட்டன். இதுக்காக எல்லா ஆசிரியரையும் ஒரே மாதிரிச் சொல்லேல்லை, ஆனா கேக்கிற திருத்தம் வசனத்தைப் பற்றினதோ, இல்லாட்டி உங்கட ஆக்கள் சந்தோசமா இருக்கிறதைப் பற்றினதோ எண்டு பாருங்கோ. ரெண்டாவது எண்டா நன்றி எண்டு ஒரு வரி எழுதிட்டு வாங்கோ. கொழும்பிலயும் யாழ்ப்பாணத்திலயும் இருந்து வாற இதழ்கள் சிலது இன்னும் பாமினி எழுத்துருவில கேக்கும், யூனிகோட்ல எழுதி மாத்திக் குடுங்கோ, ஆனா யூனிகோட் கொப்பியை அழிக்காதேங்கோ, பாமினியில இருக்கிறது ஒன்லைன்ல தேட அம்பிடாது.

அனுப்ப முதல் செய்ய வேண்டிய ஒரு வேலை, இதை ஆரும் சொல்லித் தாறேல்லை. வேர்ட் டொக்கியுமென்ட்ல ஃபைல் எண்டதை அமத்தி இன்ஃபோவுக்குப் போனா வலப்பக்கம் ஓதர் எண்டு ஒரு பேர் இருக்கும். கொம்பியூட்டர் வாங்கேக்க ஆர் பேர் போட்டதோ அந்தப் பேர். மேல "நிலா" எண்டு அழகாப் புனைபெயர் போட்டு, உள்ளுக்குள்ள அப்பாவின்ர முழுப்பேரோட கதை போயிருக்கும். அதில இன்ஸ்பெக்ட் டொக்கியுமென்ட் எண்டு ஒண்டு இருக்கு, அதை ஓட விட்டு அழிச்சிட்டுத்தான் பிடிஎஃப் ஆக்க வேணும், பிடிஎஃப்பிலயும் ஒருக்காப் புரொப்பட்டீஸ் பாக்க வேணும். ஜிமெயில்ல அனுப்புற பேர் என்னெண்டு உங்களுக்கே ஒரு மெயில் போட்டுப் பாருங்கோ. கதைக்குள்ளயும் பாருங்கோ: பள்ளிக்கூடம், ஒழுங்கை, கோயில் திருவிழா, அக்காவின்ர வேலை எண்டு நாலு விபரம் சேந்தா இந்த ஊரில ஆள் ஆர் எண்டு பிடிச்சிடுவினம். ஒழுங்கையை மாத்துங்கோ, டவுனில மான் நடந்து போறதை மட்டும் அப்பிடியே வைச்சிருங்கோ, அது எல்லாருக்கும் பொது.

பிரிண்ட் எடுக்கிறது எண்டா டவுனில கொமியூனிகேஷன் கடைக்கு பென் டிரைவோட போகாதேங்கோ. பெடியன் அதைச் செருகி, உங்கட ஃபைலைத் தன்ர டெஸ்க்டொப்பில இழுத்துப் போட்டுத்தான் திறப்பான், நூறு வீதத்தில பெரிசாக் கவிதை திரையில நிக்கும், பின்னால அடையாள அட்டை போட்டோகொப்பிக்கு நிக்கிற மாமா வாசிச்சுக்கொண்டு நிப்பார், நீங்கள் போன பிறகும் அது அங்கதான் கிடக்கும். வட்ஸப்பில அனுப்புங்கோ எண்டு சொல்லுவினம், அதுவும் வேண்டாம், நம்பர் போயிடும். ஒரு சின்னப் பிரிண்டர் ரெண்டு மூண்டு பேர் சேர்ந்து வாங்கினா ஒரு ஸீன் செய்ய அது காணும்.

ஸீன் எண்டா நாங்களே அடிச்சு மடிக்கிற சின்னப் புத்தகம், அந்தச் சொல் தமிழில பொருந்துதில்லை, கைப்பிரதி எண்டு வைச்சுக்கொள்ளுவம். ஒரு ஏ4 தாள்தான். படுக்கையா வைச்சு நீளப்பாட்டில ஒருக்கா, குறுக்கால ரெண்டு தரம் மடிச்சு விரிச்சா எட்டுக் கட்டம் வரும். நீளப்பாட்டு நடு மடிப்பில, நடுவில இருக்கிற ரெண்டு கட்டத்தின்ர நீளத்துக்கு மட்டும் ஒரு வெட்டு. திரும்ப நீளப்பாட்டில மடிச்சு ரெண்டு கரையையும் உள்பக்கம் தள்ளினா வெட்டு வாயைத் திறந்து, அப்பிடியே புத்தகமா மடியும். முன் அட்டை, பின் அட்டை, உள்ளுக்கு ஆறு பக்கம், ஒட்டுறதும் இல்லை தைக்கிறதும் இல்லை. பிரிண்ட் எடுக்கேக்க மேல் வரிசை நாலு கட்டமும் தலைகீழா இருக்க வேணும், இல்லாட்டிப் பாதிக் கவிதை குப்புற நிக்கும். பக்கம் சின்னது, தமிழ்ச் சொல் நீளம், "காத்துக்கொண்டிருந்தவளுக்கு" எண்டு ஒரு சொல்லே ஒரு வரி, ஆகவே வரி உடைக்கிறதைத் திருப்பி யோசிக்க வேணும், அது கவிதைக்கு நல்லதுதான். அட்டையில பேர் இல்லை, ஊர் இல்லை. புத்தகக் கடையிலயும் வாசிகசாலையிலயும் வைக்க ஏலாது, கைமாறிக் கைமாறித்தான் போகும், அது போதும்.

ஒழுங்கான புத்தகமாப் போட வேணும் எண்டா கிண்டில். அமேசன் 2016 கடைசியில இருந்து தமிழுக்கு விட்டிருக்கு. கணக்குக்கும் வரிப் படிவத்துக்கும் உண்மைப் பேர் குடுக்க வேணும், ஆனா புத்தகத்தில புனைபெயர்தான் நிக்கும், வாசிக்கிறவைக்கு மற்றது தெரியாது. இஞ்ச அச்சடிச்சு ஐஎஸ்பிஎன் எண்ட புத்தக எண் எடுக்கிறது எண்டா கொழும்பில தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பம், படிவம், முகவரி. புனைபெயர்க்காரருக்கு அது தலையிடி, தெரிஞ்ச பதிப்பகம் ஒண்டு தன்ர பேரில எடுத்துத் தந்தா ஒழிய நான் போக மாட்டன்.

இங்கிலீஷ் இதழ்களுக்கு அனுப்புறவைக்கு ரெண்டு விசயம். கன இதழ்கள் முன்னம் எங்கயும் வராத எழுத்துத்தான் கேக்கும், பேஸ்புக்கில, இன்ஸ்டாவில, உங்கட புளொக்கில போட்டதும் வந்த கணக்குத்தான். ஆகவே நல்ல கவிதையை அவசரப்பட்டு ஸ்டோரியில போட்டு எரிக்காதேங்கோ. ரெண்டாவது, சப்மிட்டபிள் எண்ட எழுத்து அனுப்புற தளம் வழியா அனுப்பேக்க மூண்டு டொலர் மாதிரி வாசிப்புக் கட்டணம் கேக்கிற இதழ்கள் இருக்கு, நான் ஒண்டுக்கும் கட்டினதில்லை, கட்டணம் இல்லாத இதழ்களே போதுமான அளவு இருக்கு, சப்மிஷன் கிரைண்டர் எண்ட தளத்தில காசு கட்டாமலே தேடிப் பாக்கலாம். ஒரே கவிதையை ரெண்டு மூண்டு இடத்துக்கு ஒரே நேரம் அனுப்ப விடுவினமோ எண்டு விதியில பாருங்கோ, விட்டா அனுப்புங்கோ, ஒரு இடம் எடுத்தா மற்ற இடத்துக்கு உடன அறிவிக்க வேணும். கடிதம் நாலு வரி காணும். வாழ்க்கைச் சரித்திரம் வேண்டாம், நான் "இலங்கையின் கிழக்குக் கரையில் வசிக்கிறார்" எண்டு மட்டும் போடுறனான், அம்பாறையில இருந்து முல்லைத்தீவு மட்டும் எங்க வேணுமெண்டாலும் தேடட்டும்.

கதை எடுபட்டா காசு எப்பிடி வாறது எண்டு கேப்பினம், அப்ப சொல்ல வேணும், இலங்கையில பேபாலில காசு அனுப்பலாம், வாங்க ஏலாது. வேற வழி இருக்கோ எண்டு முதல் மெயில்லயே கேளுங்கோ, வெளிநாட்டில நம்பிக்கையான சிநேகிதி இருந்தா அவளின்ர கணக்கு. இதழையே அனுப்புறம், முகவரி தாங்கோ எண்டாலும் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. சினிஸ்டர் விஸ்டத்தின்ர பேருக்குக் கீழ லெஸ்பியன் இலக்கிய, கலை இதழ் எண்டு கொட்டை எழுத்தில கிடக்கும், சுங்கத்தில பிரிச்சுப் பாத்து, ஒட்டி, தபால்காரர் கேற்றில நிண்டு அம்மாவைக் கூப்பிட்டுக் குடுப்பார். பிடிஎஃப் அனுப்பச் சொன்னா அனுப்புவினம்.